நெவிலின் வலது முகம்

டவுன்ஸ்வில்
14 மே 1997

அன்புள்ள ஹேசல்,

உன் அட்டை வந்து சேர்ந்தது. நீயே வரைந்து அனுப்பிய பூவை உன் அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தன் அன்பை உனக்கு எழுதச் சொன்னான். மறந்துவிடுவேனோ என்று அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இந்த வருஷம் மழைக்குக் குறைவில்லை. ஊரில் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறதாம். எங்கள் வீட்டைப் பக்கத்து வீட்டு ஜாய்ஸ் பார்த்துக்கொள்கிறாள். கோழிகளுக்குத் தீனி போடுவதும் அவள்தான்.

இதை ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நெவில் உள்ளே இருக்கிறான். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். இன்றைக்கு ஒன்பதாவது நாள். வெளியூர் நோயாளிகள் தங்கும் விடுதியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். அங்கே போன் பொதுக்கூடத்தில் இருக்கிறது. நான் அதை எடுத்தால் நெவில் பக்கத்தில் வந்து நிற்பான். அதுவும் போக, போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் உனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிவரும். அதற்கு இப்போது என்னிடம் தெம்பு இல்லை. அதனால்தான் கடிதம்.

மார்ச்சில் ஆபரேஷன் முடிந்ததும் உனக்குப் போன் செய்தேன். "வெட்டுறதைத் தவிர அவங்களுக்கு வேற என்னதான் தெரியும்?" என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். சொல்லாமல் விட்ட மிச்சத்தை இப்போது கேட்டுக்கொள்.

பதினோரு மணி நேரம் ஆனது. வலது காதை முழுசாக எடுத்துவிட்டார்கள். காதுக்கு முன்னால் இருக்கும் எச்சில் சுரப்பியையும், கழுத்தில் அந்தப் பக்கம் இருந்த நெறிக்கட்டிகளையும், முகத்தை அசைக்கிற நரம்பையும் சேர்த்து எடுத்தார்கள். அந்தப் பள்ளத்தை மூட அவனுடைய இடது முன்கையிலிருந்து தோலும் சதையும் எடுத்துத் தைத்தார்கள். கையில் இருந்த முடி இப்போது கன்னத்தில் முளைக்கிறது. வலது கண் தானாக மூடாது. இமைக்குள் ஒரு சின்னத் தங்கத் துண்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள். அதன் கனத்தில் இமை கொஞ்சம் இறங்கும். "கல்யாணத்துக்குக்கூட உனக்கு இவ்வளவு தங்கம் வாங்கித் தரலையே, பெவ்" என்றான். பேச வந்ததும் அவன் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான். ஒரு பக்கத்து உதடு மட்டும் அசைந்ததால் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காது இல்லாவிட்டால் மூக்குக்கண்ணாடி நிற்காது என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. இப்போது எலாஸ்டிக் பட்டி வைத்துத் தலையைச் சுற்றிக் கட்டியிருக்கிறோம். தொப்பி ஒரு பக்கமாகச் சாய்கிறது. டீ குடித்தால் பாதி சட்டையில் ஒழுகுகிறது. மற்றவர்கள் எதிரில் சாப்பிட மாட்டேன் என்கிறான். விடுதியில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நாங்கள் போகிறோம். ஆறிப்போன ஸ்டூவைச் சாப்பிடுகிறோம்.

கதிர்வீச்சுக்காக அவன் முகத்தை அச்சு எடுத்து வலை மாதிரி ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்திருக்கிறார்கள். மேஜையில் படுக்க வைத்து, முகமூடியை மாட்டி, நாலு பக்கமும் இறுக்கிவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். அவன் அசையக்கூடாது. "ஏதாவது வேணும்னா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவோம்" என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். எட்டு நாளில் ஒரே ஒரு தடவை கையைத் தூக்கினான். பதறிக்கொண்டு ஓடினால், தும்மல் வருகிறதாம். வீட்டில் எதற்கும் பயப்படாத ஆள், உள்ளே போகும்போது மட்டும் ஒவ்வொரு நாளும் என் கையைத் தொட்டுவிட்டுப் போகிறான். அதை நான் பார்க்காதது போல இருக்க வேண்டும்.

இனி எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. நடந்ததை நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்திருக்கலாம். அதனால் நடந்தபடியே எழுதுகிறேன்.

தொண்ணூற்றைந்தில் கரும்பு அறுவடை தொடங்கிய மாதம், காதுக்கு முன்னால் பொருக்குத் தட்டிய அந்தப் புண்ணை நம் ஊர் டாக்டர் பார்த்தார். வெயிலால் வந்த தோல் புற்று, டவுன்ஸ்வில் போய் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று சொல்லித் தேதி வாங்கிக் கொடுத்தார். செப்டம்பரில் தேதி. அறுவடை முடியாமல் இயந்திரத்தை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று நெவில் முனகினான். எப்படியும் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நான் இருந்தேன். ஆகஸ்டில் உன் பார்சல் வந்தது. ஒரு சின்ன டப்பா கறுப்புக் களிம்பு, நாலு பக்கக் கடிதம். கத்தி வைத்தால் பரவும், இந்தக் களிம்பு நல்ல தோலைத் தொடாது, கெட்டதை மட்டும் வேரோடு இழுத்து வெளியே போடும் என்று எழுதியிருந்தாய். உன் கணவன் கோலினை ஆஸ்பத்திரிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நெவில் முற்றத்துக்குப் போய் நின்றுகொண்டான்.

நான் வேண்டாம் என்றேன். "பெவ், நீ சும்மா இரு. ஹேஸ் எனக்குக் கெட்டது செய்வாளா?" என்றான். அதற்கு நான் என்ன பதில் சொல்லுவது? செய்ய மாட்டாய். அது எனக்கும் தெரியும்.

ஆறு வாரம். முதல் வாரமே கன்னம் வெந்து வீங்கியது. தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தான். "அப்படித்தான் இருக்கும், வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று நீ போனில் சொன்னாய். புண்ணைக் கழுவித் துணி மாற்றியதும், களிம்பைத் தடவியதும் என் கைதான் ஹேசல். வேண்டாம் என்று சொன்ன அதே கை. உன்னைச் சொல்லும்போது என்னையும் விட்டுவிடவில்லை, தெரிந்துகொள்.

அப்புறம் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு கழன்று விழுந்தது. "வேரோட வந்துடுச்சு பாரு!" என்று நெவில் கத்தினான். அதைக் கேமரா ஃபிலிம் டப்பாவில் போட்டு உனக்கே அனுப்பினான். டவுன்ஸ்வில் தேதியை ரத்து செய்தான். ஒரு மாதத்தில் புண் ஆறி, ரோஜா நிறத்தில் புதுத்தோல் மூடிக்கொண்டது. நானும் நம்பினேன். கேக் செய்தேன்.

அடுத்த ஜூலையில் கன்னத்துக்குள் எறும்பு ஊர்கிறது என்றான். இரண்டு பல்லைப் பிடுங்கிப் பார்த்தோம். எறும்பு நிற்கவில்லை. இந்த ஜனவரியில் ஒருநாள் காலை டீ குடிக்கும்போது வாயின் வலது ஓரம் தொங்கிப்போயிருந்தது.

டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லிம் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "மேல தோல் ஆறி மூடிக்கிச்சு. அடியில இருந்தது நரம்பைப் பிடிச்சுக்கிட்டு உள்ளுக்குள்ள நடந்திருக்கு. அப்பவே வந்திருந்தா அரை மணி நேர வேலை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பீங்க" என்றார். மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவே இல்லை. இதை யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். நெவில் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். "தபால்ல வந்துச்சு" என்றான். அவ்வளவுதான் சொன்னான். இன்றுவரை அவ்வளவுதான் சொல்கிறான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஈஸ்டருக்கு ஜாய்ஸின் மகள் உங்கள் பக்கம் வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உன் மேஜையில், தேனுக்கும் சோப்புக்கும் நடுவில், ஒரு கண்ணாடிக் குப்பியில் நெவிலின் அந்தப் பொருக்கு இருந்ததாகச் சொன்னாள். கீழே சீட்டு ஒட்டியிருந்ததாம்: "என் அண்ணன், 62 வயது, கரும்பு விவசாயி. முழு குணம்." அப்போது அவனுக்குக் காதை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

அதை மேஜையிலிருந்து எடுத்துவிடு. வேறு எதையும் இப்போது உன்னிடம் கேட்கவில்லை.

அறைக் கதவு திறக்கிறது. அவன் முகத்தில் முகமூடியின் வலைத்தடம் பதிந்திருக்கும், அது மறைய அரை மணி நேரமாகும். நீ நலமாக இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெவர்லி

*

ஹோம் ஹில்
19 அக்டோபர் 1997

அன்புள்ள ஹேசல்,

மே மாதம் நான் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. நேற்று முன்தினம் நெவில் பெயருக்கு வந்த பார்சலைத்தான் பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

அதற்கு முன் இந்த நாலு மாதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜூனில் வீட்டுக்கு வந்தோம். கழுத்துத் தோல் வெந்து உரிந்து, பிறகு ஆறியது. எச்சில் வற்றிவிட்டது. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத்தான் விழுங்குகிறான். எதைச் சாப்பிட்டாலும் அட்டை மாதிரி இருக்கிறது என்கிறான். கூட்டாளிகள் வந்து பாருக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "என்ன நெவ், பியருக்கு ஸ்ட்ராவா? உன்னோட வந்தா மானம் போவுது" என்று கேலி செய்தார்களாம். அவனும் சிரித்தானாம். கேலி செய்கிறவர்கள் நல்லவர்கள், ஹேசல். கேலி செய்யாதவர்கள்தான் தாங்க முடியவில்லை. இறைச்சிக் கடையில் ஒருத்தி அவன் எதிரிலேயே என்னிடம், "அவருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்டாள், குழந்தையைப் பற்றிக் கேட்பது மாதிரி. "காதுதான் போச்சும்மா, மூளை அங்கேயேதான் இருக்கு. ரெண்டு கிலோ சாசேஜ்" என்றான் நெவில். வண்டியில் ஏறியதும் சாவியைப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு கடைக்கு வருவதில்லை. பாருக்கும் போவதில்லை. இந்த வருஷ அறுவடையைப் பக்கத்துப் பண்ணைக்காரர் செய்து கொடுக்கிறார். நெவில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு, "கத்தியைத் தாழ வச்சிருக்கான், மண்ணை அள்ளுறான்" என்று திட்டிக்கொண்டிருக்கிறான். அறுவடைக்கு முன் கரும்புத் தோகையை எரித்த சாம்பல் நான் துவைத்த துணிமேலெல்லாம் விழுகிறது. வழக்கமாக நான்தான் கத்துவேன். இந்த வருஷம் உதறி மடித்து வைக்கிறேன்.

இந்த மாதம் பரிசோதனைக்குப் போனபோது வலது புருவத்துக்கு மேல் பட்டாணி அளவில் ஒரு கட்டியை டாக்டர் லிம் தொட்டுப் பார்த்தார். அது திரும்ப வந்ததாக இருக்கலாம், உடனே வெட்டிப் பார்க்க வேண்டும், முப்பதாம் தேதி வியாழக்கிழமை வாருங்கள் என்றார். கண்ணைப் பற்றி நெவில் கேட்டான். காப்பாற்றப் பார்ப்போம், ஆனால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் போகப்போறதில்ல பெவ்" என்றான்.

மூன்றாம் நாள் உன் பார்சல். 'தழும்புக்கும் நல்லது, புதுசா ஏதாவது தெரிந்தால் உடனே போடு' என்று உன் கையெழுத்தில் ஒரு சீட்டு.

நேற்று மத்தியானம் துணி எடுக்கப் போனேன். துவைக்கிற அறையில் சவரக் கண்ணாடியை ஆணியில் மாட்டிவிட்டு, டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஐஸ்கிரீம் குச்சியோடு நெவில் நின்றுகொண்டிருந்தான்.

"நெவ், என்ன பண்றே?"

"பாத்தா தெரியல?"

"போன தடவை இது என்ன பண்ணுச்சுன்னு மறந்துபோச்சா?"

"போன தடவை அவங்க என்ன பண்ணாங்கன்னு உனக்கு மறந்துபோச்சா? ஒரு தடவை போனேன், காது போச்சு. இன்னொரு தடவை போனா கண்ணு போகும். அப்புறம் மூக்கு. கடைசியில வெறும் தொப்பியத்தான் வீட்டுக்குத் தூக்கிட்டு வருவே."

"தேதி குடுத்திருக்காங்க நெவ்."

"ஹேஸ் அனுப்பினதைப் போட்டுப் பாப்போம். என் தங்கச்சி அவ."

நான் டப்பாவைப் பிடுங்கினேன். அவன் விடவில்லை. அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் துணி துவைக்கிற இடத்தில் ஒரு டப்பாவுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பிடித்துத் தள்ளினான். விழவில்லை. தொட்டியில் இடித்துக்கொண்டேன். அவன் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த முகத்தில் இப்போது எதுவும் தெரிவதில்லை.

குச்சியைக் கீழே போட்டான். டப்பாவை என்னிடம் தரவில்லை. இதுவரை போட்டுக்கொள்ளவும் இல்லை. இன்று காலையில் அந்தப் புருவத்தைப் பார்த்த பிறகுதான் நான் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

டப்பாவைத் திருடி ஆற்றில் எறிந்துவிடலாம். அவன் உனக்குப் போன் செய்து இன்னொன்று கேட்பான், நீயும் அனுப்புவாய். அதனால் உன்னிடம் வருகிறேன். மே மாதம் நான் எழுதியது உன்னைப் புண்படுத்தியிருந்தால், ஒவ்வொரு வரியையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சந்தையில் எந்தக் குப்பியை வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கோலினை உன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள், கடைசி நாளில் உன்னை உள்ளே விடவில்லை, அதெல்லாம் உண்மை. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். இவனை எனக்குக் கொடு.

அவனுக்கு நீ போன் செய். அந்தக் களிம்பைப் போடாதே, வியாழக்கிழமை போ என்று சொல். எப்படிச் சொல்வாயோ, என்ன காரணம் சொல்வாயோ எனக்கு வேண்டாம். நான் சொன்னால் அவன் கேட்க மாட்டான். நீ சொன்னால் கேட்பான். இதை உனக்கு எழுத வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பார், ஹேசல்.

இந்தக் கடிதம் உனக்குக் கிடைக்க நாலு நாள் ஆகும். அப்புறம் ஒரு வாரம் இருக்கும்.

பெவர்லி

*

ஹோம் ஹில்
8 டிசம்பர் 1997

அன்புள்ள ஹேசல்,

நீ போன் செய்தாய். நன்றி. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் முதலில் எழுதிவிட்டேன்.

நான் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நெவில் பேசியது மட்டும்தான் கேட்டது. "ம்" என்றான். "ம். அப்படியா?" என்றான். "சரி ஹேஸ். அழாதே. சரி" என்று வைத்துவிட்டான். என்னிடம் வந்து, "அந்த டப்பா கெட்டுப்போன சரக்காம். மொத்தமும் கெட்டுப்போச்சாம். போட வேணாம்னு அவளே சொல்லிட்டா. வியாழக்கிழமை காலைல வண்டிய நீயே ஓட்டு" என்றான்.

கெட்டுப்போன சரக்கு. கையில் கத்தியோடு அப்படியே நின்றேன். களிம்பு தப்பு என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு டப்பாவை மட்டும் பலிகொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் காப்பாற்றிக்கொண்டாய். கோபத்தில் ஒரு கிழங்கைப் பாதியாகச் சீவிவிட்டேன். ஆனால் அவன் போகச் சம்மதித்துவிட்டான். அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை வெட்டினார்கள். அது திரும்ப வந்ததுதான். புருவமும், அதற்கு அடியில் இருந்த எலும்பில் ஒரு சின்ன வில்லையும் போனது. கண் தப்பியது. விழித்ததும் முதலில் ஒரு கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் என்னைப் பார்த்தான். "இருக்கு பெவ். அழகாத்தான் தெரியலே, ஆனா தெரியுது" என்றான்.

உனக்கு எதையும் பூசி மெழுகி எழுதப்போவதில்லை. டாக்டர் லிம் என்னையும் அவனையும் உட்கார வைத்துச் சொன்னார். "கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்துட்டோம். ஆனா ஓரம் சுத்தமா இருக்குன்னு என்னால சொல்ல முடியாது. நரம்போட இன்னும் உள்ள போயிருந்தா அங்க நான் கத்தி வைக்க முடியாது." இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படம் எடுப்பார்கள். எத்தனை மூன்று மாதம் என்று நெவில் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருப்பதுதான் இனி எங்கள் வாழ்க்கை. அதில் புல் வெட்டுகிறோம், கோழிக்கூட்டைச் சுத்தம் செய்கிறோம், ரேடியோவில் கிரிக்கெட் கேட்கிறோம். அவன் காலையில் கன்னத்தைத் தொட்டால் கை வேலையை நிறுத்திப் பார்க்கிறேன். கொசுதான் என்று தெரிந்ததும் விட்ட வேலையைத் தொடர்கிறேன்.

செயற்கைக் காதும் வந்துவிட்டது. பசை போட்டு ஒட்டுவது. நிறம், மடிப்பு, ஓரத்தில் வெயிலில் சிவந்த இடம்கூட அச்சு அசலாக இருக்கிறது. பல மாதத்துக்கு அப்புறம் போன சனிக்கிழமை பாருக்குப் போனான். எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போது அதைக் கழற்றி மேஜைமேல் வைத்து, "நீங்க பேசுங்கடா, இது கேட்டுக்கிட்டிருக்கும். நான் மூத்திரம் போயிட்டு வரேன்" என்றானாம். இதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரிக்கிறது. உனக்கும் சிரிப்பு வரும் என்று எழுதினேன்.

இனி ஒன்றைச் சொல்லப்போகிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று நெவில் என்னிடம் சத்தியம் வாங்கிய விஷயம் இது. சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை டவுன்ஸ்வில் போகிற வழியில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும், "ஹேஸ் பொய் சொல்றா" என்றான். "சின்ன வயசுல இருந்து எனக்குத் தெரியும். பொய் சொன்னா மூச்சு வாங்காம பேசுவா. கெட்ட சரக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது எப்பவுமே வேலை செய்யாத சரக்குதான்."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன். வாய் தொங்கிய அன்றே தெரியும் என்றான்.

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த கரும்பு லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். அப்புறம் எதுக்குடா அந்தக் குச்சியை எடுத்தாய், எதுக்கு என்னைத் தள்ளினாய் என்று கத்தினேன். அவன் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அவ கோலினைப் பறிகொடுத்துட்டு அந்த மேஜையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா பெவ். எத்தனையோ பேருக்குக் குடுத்திருக்கா. அவ அனுப்பினதைப் போடாம நான் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினா, அவ அத்தனை பேருக்கும் செஞ்சது என்னன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். அவ தாங்க மாட்டா."

நீ தாங்க மாட்டாய் என்று உன் அண்ணன் தன் கண்ணைக் கொடுக்கத் தயாராக இருந்தான், ஹேசல். அதற்கு மேலும் கொடுத்திருப்பான். நான் தாங்குவேன் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது அந்தக் கேள்வி அவனுக்கு வந்திருக்குமா? அவனிடம் இதைக் கேட்கவில்லை. வண்டியைக் கிளப்பினேன். நேரம் ஆகிவிட்டிருந்தது.

ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், நீ தாங்குவாய் என்று நான் நினைக்கிறேன். அவன் நினைப்பதைவிட நான் உன்னைத் திடமானவளாக நினைக்கிறேன் என்று வைத்துக்கொள். மூக்கிலோ கன்னத்திலோ புண்ணை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை உன் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பவள், வீட்டுக்குப் போய் அதைத் தடவுவாள். பக்கத்தில் நின்று துணி மாற்ற ஒருத்தரைக் கூப்பிடுவாள். நீ கொடுத்தவர்களின் பெயர்கள் உனக்குத் தெரியும். தெரியாதவர்களும் அதே சந்தைக்கு மறுபடி வருவார்கள். அவர்களிடம் சொல். கெட்டுப்போன சரக்கு என்று சொல்லாதே. உண்மையைச் சொல். உன்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

நெவில் உன்னைக் கிறிஸ்துமஸுக்கு வரச் சொல்லி எழுதச் சொன்னான். பின்பக்க அறையில் மின்விசிறியைப் பழுது பார்த்து வைத்திருக்கிறான். எனக்கு இதில் இஷ்டமா என்று அவன் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

ஆனால் வா. நீயும் அவனும் ஒரே வயலில், ஒரே வெயிலில், சட்டையில்லாமல் வளர்ந்தவர்கள். உனக்கும் அதே சிவப்புத் தோல், அதே புள்ளிகள். உன் முதுகை நீ கடைசியாக எப்போது பார்த்தாய்? தனியாக இருக்கிறவளுக்கு முதுகைப் பார்க்க வழி ஏது? இங்கே வந்து, நல்ல வெளிச்சம் வரும் பகல் நேரத்தில், சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார். கழுத்திலிருந்து இடுப்புவரை நான் பார்க்கிறேன். எதுவாவது இருந்தால் உன்னை வண்டியில் ஏற்றி டாக்டர் லிம்மிடம் நானே கொண்டுபோய் விடுகிறேன். கதவுக்கு வெளியே நிற்க வைத்தால் சண்டை போட்டு உன்னோடு உள்ளே வருகிறேன்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. முதுகைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அதற்காக வா.

உன் அண்ணி,
பெவர்லி